கருவூல பில்களில் முதலிடும் லிக்விட் ஃபண்டுகள்: வருமானம், வருவாய், ரிஸ்க் – முழுமையான வழிகாட்டி

சில வாரங்களிலிருந்து ஓராண்டுக்குள் தேவைப்படப்போகும் பணத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு, சேமிப்புக் கணக்குக்கும் ஃபிக்சட் டெபாசிட்டுக்கும் அடுத்தபடியாக இன்று பலரும் சொல்லும் பதில், குறுகிய காலக் கடன் பத்திரங்களில் முதலிடும் மியூச்சுவல் ஃபண்ட் வகையான லிக்விட் ஃபண்ட். ஆனால் அந்த ஃபண்டைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் பார்ப்பது கடந்த ஓராண்டு வருவாய்ப் பட்டியலைத்தான். பங்கு ஃபண்டுகளில் அந்தப் பழக்கம் ஓரளவு பயன்படலாம். இங்கே அது தவறான இடத்துக்கே கொண்டுபோகும். குறுகிய கால அரசுப் பத்திரங்கள் தரும் வருவாயை ரிசர்வ் வங்கியின் வட்டிக் கொள்கையும் வாராந்தர ஏலமும் தீர்மானிக்கின்றன. ஃபண்ட் மேலாளரால் அதற்கு மேல் கூடுதலாகக் கொண்டுவர முடிவது மிகக் குறைவு. அப்படி ஒரு ஃபண்ட் கூடுதலாகத் தருகிறது என்றால், அது பெரும்பாலும் அரசு அல்லாத வேறு யாருக்கோ கடன் கொடுத்திருக்கிறது என்று பொருள். ஆகவே முதலில் ஃபண்டில் இருக்கும் பத்திரங்கள், பிறகு யீல்டு (பத்திரம் தரும் ஆண்டு ஈட்ட விகிதம்), செலவு, வரி, கடைசியில்தான் பழைய வருவாய் என்ற வரிசையில் இந்த வழிகாட்டி செல்கிறது.

படி 1: கருவூல பில் எப்படிப் பணம் ஈட்டுகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

மத்திய அரசு தன் குறுகிய காலப் பணத்தேவைக்காக வெளியிடும் கடன் பத்திரமே கருவூல பில். சந்தையில் இதை டி-பில் என்பார்கள். 91 நாள், 182 நாள், 364 நாள் என மூன்று கால அளவுகளில், வழக்கமாகப் புதன்கிழமைதோறும் ரிசர்வ் வங்கி இவற்றை ஏலம் விடுகிறது. மாநில அரசுகள் கருவூல பில் வெளியிடுவதில்லை.

இந்தப் பத்திரத்துக்கு வட்டி என்று தனியாக எதுவும் வழங்கப்படுவதில்லை. முகமதிப்பைவிடக் குறைந்த விலைக்கு வாங்கி, முதிர்வின்போது முழு முகமதிப்பையும் பெற்றுக்கொள்கிறோம். இடைப்பட்ட வித்தியாசமே ஈட்டம். 100 ரூபாய் முகமதிப்புள்ள 91 நாள் பில் ஒன்று ஏலத்தில் 98.65 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லாபம் 1.35 ரூபாய். இதை முதலீடு செய்த 98.65 ரூபாயால் வகுத்து, 365/91 என்ற விகிதத்தால் பெருக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5.49 சதவீதம் வருகிறது. செய்திகளில் 91 நாள் பில்லின் யீல்டு என்று குறிப்பிடப்படுவது இந்த எண்தான். 98,650 ரூபாய் போட்டவருக்கு 91 நாள் கழித்து ஒரு லட்சம் கிடைக்கும்.

ஃபண்ட் இத்தகைய பல பில்களை வெவ்வேறு முதிர்வுத் தேதிகளில் வாங்கி வைத்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பில்லும் முகமதிப்பை நோக்கிச் சிறிது நகர்வதால் ஃபண்டின் என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பு, அன்றாடம் கொஞ்சம் உயர்கிறது. லிக்விட் ஃபண்டுகள் ஞாயிறு உட்பட எல்லா நாட்களுக்கும் என்.ஏ.வி. வெளியிடுவதற்கு இதுவே காரணம்: சந்தை மூடியிருந்தாலும் பில்லின் ஈட்டம் சேர்ந்துகொண்டே இருக்கிறது. 5.5 சதவீத யீல்டில் ஒரு லட்ச ரூபாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 15 ரூபாய் சேரும். இந்த 15 ரூபாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் செலவு, இழப்புக் கணக்குகளையெல்லாம் அதனுடன் ஒப்பிட்டால்தான் அவற்றின் அளவு புரியும்.

படி 2: ஃபண்டின் பெயரை நம்பாமல் அதிலுள்ள பத்திரங்களைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் படி இது. மியூச்சுவல் ஃபண்டுகளை ஒழுங்குபடுத்தும் செபியின் 2017 அக்டோபர் வகைப்பாட்டின்படி, 91 நாட்களுக்குள் முதிரும் கடன், பணச்சந்தைப் பத்திரங்களில் முதலிடுவது லிக்விட் ஃபண்ட். ஒரே நாளில் முதிர்பவற்றில் முதலிடுவது ஓவர்நைட் ஃபண்ட். ஓராண்டு வரை முதிர்பவற்றில் முதலிடுவது மணி மார்க்கெட் ஃபண்ட். இந்த வரையறைகள் கால அளவைச் சொல்கின்றனவே தவிர, கடன் வாங்கியவர் யார் என்பதைச் சொல்வதில்லை. சராசரி லிக்விட் ஃபண்ட் ஒன்றைத் திறந்து பார்த்தால், வங்கிகள் வெளியிடும் சர்டிஃபிகேட் ஆஃப் டெபாசிட்டும் நிறுவனங்கள் வெளியிடும் கமர்ஷியல் பேப்பரும்தான் பெரும்பகுதியாக இருக்கும். நிகர சொத்தில் குறைந்தது 20 சதவீதத்தை ரொக்கம், அரசுப் பத்திரம், கருவூல பில், அரசுப் பத்திர ரெப்போ (அரசுப் பத்திரத்தை ஈடாகப் பெற்றுத் தரும் குறுகிய காலக் கடன்) ஆகியவற்றில் வைத்திருக்க வேண்டும் என்று 2019இல் செபி விதித்தது. மீதி 80 சதவீதம் எங்கே போகிறது என்பது ஃபண்ட் நிறுவனத்தின் விருப்பம். ஏறத்தாழ முழுப் பணத்தையும் கருவூல பில்களிலும் ரெப்போவிலும் வைக்கும் லிக்விட் ஃபண்டுகளும் உண்டு. எண்ணிக்கையில் அவை சிலவே.

அவற்றைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. கடன் ஃபண்டுகள் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை தங்கள் போர்ட்ஃபோலியோவை இணையதளத்தில் வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலில் ‘ட்ரெஷரி பில்’, ‘ட்ரெப்ஸ்’ என்ற இரண்டு வரிகளுக்கும் எதிரே உள்ள சதவீதங்களைக் கூட்டிப் பாருங்கள். ட்ரெப்ஸ் என்பது அரசுப் பத்திரங்களை ஈடாக வைத்துக்கொண்டு, கிளியரிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா வழியாகப் பெரும்பாலும் ஓரிரவுக்குக் கொடுக்கப்படும் கடன். ஆகவே அதையும் அரசுப் பத்திரத்தின் பாதுகாப்புக்கு அருகில் வைத்தே எண்ணலாம். இரண்டும் சேர்ந்து 90 சதவீதத்தைத் தாண்டினால் அது உண்மையிலேயே கருவூல பில் ஃபண்ட் என்று கொள்ளலாம். ஒரே ஒரு தேதியின் பட்டியலோடு நிறுத்தாமல் ஓராண்டில் நான்கைந்து பட்டியல்களையாவது பாருங்கள்.

செபி 2021 டிசம்பரிலிருந்து கட்டாயமாக்கிய ரிஸ்க் வகுப்பு அட்டவணையும் உதவும். அதில் ஏ, பி, சி என்பது கடன் ரிஸ்க்கையும், 1, 2, 3 என்பது வட்டி விகித ரிஸ்க்கையும் குறிக்கும். ஏ-1 மிகக் குறைந்த ரிஸ்க் உள்ள கட்டம். ஆயினும் ஏ-1 என்ற குறியீடு மட்டுமே போதாது. அரசுப் பத்திரங்களுக்கு அந்த அட்டவணை தரும் மதிப்பு 13, மிக உயர்ந்த தரக்குறியீடான டிரிபிள் ஏ பெற்ற பத்திரங்களுக்கு 12. ஏ வகுப்புக்குச் சராசரியாக 12 இருந்தாலே போதும் என்பதால், உயர்தர நிறுவனக் கடன்களை மட்டுமே வைத்திருக்கும் ஃபண்டும் அந்தக் கட்டத்துக்குள் வந்துவிட முடியும். பி-1 என்று இருந்தால் அது கருவூல பில் மட்டும் வைத்திருக்கும் ஃபண்ட் அல்ல என்று உடனே ஒதுக்கிவிடலாம். ஏ-1 என்று இருந்தால் போர்ட்ஃபோலியோவைத் திறந்து உறுதிசெய்ய வேண்டும்.

படி 3: எதிர்பார்க்கக்கூடிய வருவாயை நீங்களே கணக்கிடுங்கள்

மாதாந்தர ஃபேக்ட்ஷீட்டில் ‘யீல்டு டு மெச்சூரிட்டி’ என்ற எண் இருக்கும். தற்போது ஃபண்டில் உள்ள பத்திரங்களை முதிர்வு வரை வைத்திருந்தால் கிடைக்கும் ஆண்டு விகிதம் அது. அதிலிருந்து செலவு விகிதத்தை, அதாவது ஃபண்ட் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் ஆண்டுக் கட்டணத்தைக் கழித்தால், வட்டிச் சூழல் மாறாதவரை அடுத்த ஓரிரு மாதங்களில் கிடைக்கக்கூடிய வருவாய் ஏறத்தாழத் தெரிந்துவிடும். யீல்டு 5.5 சதவீதம், செலவு 0.15 சதவீதம் என்றால் 5.35 சதவீதம். இதற்கு மேல் எதிர்பார்ப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

பழைய வருவாய் ஏன் ஏமாற்றும் என்பதற்கு 2025ஆம் ஆண்டே நல்ல சான்று. அந்த ஆண்டு பிப்ரவரிக்கு முன் 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியை, ரிசர்வ் வங்கி பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என மூன்று முறை குறைத்து 5.50 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. ஜூன் மாதத்தில் ஓராண்டு வருவாயைப் பார்த்தவருக்கு, வட்டி உயர்ந்திருந்த மாதங்களின் ஈட்டமும் சேர்ந்து ஏறத்தாழ 7 சதவீதம் என்று தெரிந்திருக்கும். அன்று புதிதாகப் பணம் போட்டவருக்குக் காத்திருந்ததோ அதைவிட ஒரு சதவீதத்துக்கும் மேல் குறைவான விகிதம். வட்டி ஏறும் காலத்தில் இதற்கு நேர்மாறாக, பழைய எண் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். ஏழு நாள் வருவாயை ஆண்டு விகிதமாக்கிக் காட்டும் எண்களையும் இதே எச்சரிக்கையுடன்தான் அணுக வேண்டும். ஒரு வாரத்தின் சிறு விலையேற்றம்கூட ஆண்டு விகிதமாகப் பெருக்கப்படும்போது பெரிதாகத் தோற்றமளிக்கும்.

செலவு விகிதத்தில் அலட்சியம் கூடாது. 12 சதவீதம் எதிர்பார்க்கும் இடத்தில் கால் சதவீதம் கண்ணுக்குப் படாமல் போகலாம், 5.5 சதவீதத்தில் கால் சதவீதம் என்பது ஈட்டத்தில் இருபதில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 2013 ஜனவரி முதல் எல்லா ஃபண்டுகளிலும் முகவர் இல்லாமல் குறைந்த செலவில் வாங்கும் டைரக்ட் பிளான் கிடைக்கிறது. முகவரின் ஆலோசனை மிகக் குறைவாகவே தேவைப்படும் இந்த வகையில் டைரக்ட் பிளானைத் தவிர்க்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

படி 4: கைக்கு வரும் வருமானத்தையும் மொத்த வருவாயையும் பிரித்துப் பாருங்கள்

ஓய்வுபெற்றவர்கள் மாதந்தோறும் கைக்கு வரும் தொகையையே வருமானம் என்று எண்ணுகிறார்கள். ஃபண்டில் அது தானாக வருவதில்லை. எந்த வடிவில் வர வேண்டும் என்பதை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்பு டிவிடெண்ட் என்று அழைக்கப்பட்ட, இப்போது ஐ.டி.சி.டபிள்யூ. எனப்படும் விருப்பத்தில், ஃபண்ட் தன் ஈட்டத்தைப் பிரித்துத் தரும். தந்த அளவுக்கு என்.ஏ.வி. குறையும். தினசரிப் பகிர்வு உள்ள திட்டங்களில் என்.ஏ.வி. ஏறாமல் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்து ஃபண்ட் வளரவில்லை என்று சிலர் நினைப்பதுண்டு. வளர்ச்சி முழுவதும் கூடுதல் யூனிட்டுகளாகவோ பணமாகவோ வெளியே வந்துவிட்டது என்பதே உண்மை. மொத்த வருவாய் என்பது பகிர்ந்த தொகையும் என்.ஏ.வி. மாற்றமும் சேர்ந்ததுதான்.

மாதச் செலவுக்குப் பணம் வேண்டுவோர், ஈட்டத்தைப் பிரித்துத் தராமல் ஃபண்டிலேயே சேர்க்கும் குரோத் விருப்பத்தை எடுத்து, எஸ்.டபிள்யூ.பி. எனப்படும் முறையில் மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையை எடுத்துக்கொள்வது வரியின் கோணத்தில் மேலானது. 10 லட்சம் ரூபாய் போட்டு, ஓராண்டில் அது 10,54,000 ரூபாயாக ஆனபின் 4,500 ரூபாய் எடுக்கிறீர்கள் என்று கொள்வோம். அந்த 4,500இல் லாபத்தின் பங்கு சுமார் 231 ரூபாய் மட்டுமே. மீதி உங்கள் சொந்த முதல். வரி அந்த 231 ரூபாய்க்குத்தான். அதே 4,500 ரூபாய் டெபாசிட் வட்டியாகவோ பகிர்வாகவோ வந்திருந்தால் முழுத்தொகையும் அந்த ஆண்டின் வருமானத்தில் சேர்ந்திருக்கும். இதனால் வரி மறைந்துவிடுவதில்லை, தள்ளிப்போகிறது. ஆனால் தள்ளிப்போகும் வரியும் இடைக்காலத்தில் உங்களுக்காக ஈட்டிக்கொண்டிருக்கும்.

படி 5: ரிஸ்க்குகளை ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள்

கருவூல பில்லில் பணம் திரும்பாமல் போகும் ரிஸ்க் மிகமிகக் குறைவு, ஏனெனில் ரூபாயில் கடன் வாங்கியிருப்பது இந்திய அரசு. வங்கி டெபாசிட்டுக்கான காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் ஃபண்டில் நிறுவனக் கடன் கலந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு அந்த அளவுக்குக் குறைகிறது. 2018 செப்டம்பரில் உட்கட்டமைப்புத் திட்டங்களுக்கு நிதி தரும் ஐ.எல்.&எஃப்.எஸ். குழுமம் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறியபோது, அதன் பத்திரங்களை வைத்திருந்த சில லிக்விட் ஃபண்டுகளின் என்.ஏ.வி. சரிந்தது. அதுவரை உயர்ந்த தரக்குறியீடு பெற்றிருந்த பத்திரங்கள் அவை. கூடுதலாக அரை சதவீதம் பெறுவதற்காக ஏற்றுக்கொண்ட ரிஸ்க், பல மாத ஈட்டத்தை ஒரே நாளில் விழுங்கக்கூடியது.

வட்டி விகித ரிஸ்க் உண்டு, ஆனால் சிறியது. ஃபண்டின் சராசரி முதிர்வு 45 நாள் என்றால், சந்தை வட்டி திடீரென ஒரு சதவீதப் புள்ளி உயரும்போது விலை சுமார் 0.12 சதவீதம் குறையும். ஒரு லட்சத்துக்கு ஏறத்தாழ 120 ரூபாய், அதாவது எட்டு நாள் ஈட்டம். சராசரி முதிர்வு 300 நாளாக இருந்தால் அதே உயர்வு 800 ரூபாய் அளவுக்குக் கொண்டுபோகும். பத்தாண்டு அரசுப் பத்திரமானால் இழப்பு 7,000 ரூபாயை ஒட்டி இருக்கும். அரசுப் பத்திரம் என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை வேறுபாடு இருப்பதால்தான், நீண்ட கால அரசுப் பத்திரங்களிலும் முதலிடும் கில்ட் ஃபண்டையும் கருவூல பில் ஃபண்டையும் ஒன்றாக எண்ணக்கூடாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தச் சிறிய ரிஸ்க்கும் உண்மையில் நிகழ்ந்திருக்கிறது. ரூபாயின் வீழ்ச்சியைத் தடுக்க 2013 ஜூலை 15 அன்று ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்கு அவசரத்துக்கு ஓரிரவுக்குத் தரும் கடனுக்கான எம்.எஸ்.எஃப். விகிதத்தை 8.25 சதவீதத்திலிருந்து 10.25 சதவீதமாக ஒரே வீச்சில் உயர்த்தியது. மறுநாள் ஏராளமான லிக்விட் ஃபண்டுகள் ஒருநாள் இழப்பைக் காட்டின. பெருநிறுவனங்கள் பணத்தைத் திரும்ப எடுக்கத் தொடங்கியதும், மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு உதவ 25,000 கோடி ரூபாய்க்கான சிறப்புக் கடன் வசதியை ரிசர்வ் வங்கி திறக்க வேண்டியிருந்தது. 2020 ஏப்ரலிலும் 50,000 கோடி ரூபாய்க்கு இத்தகைய வசதி அறிவிக்கப்பட்டது. நெருக்கடியில் விற்கத் தடுமாறுவது நிறுவனப் பத்திரங்கள்தாம். கருவூல பில்லுக்கு எப்போதும் வாங்குவோர் உண்டு என்பது அதன் மிகப் பெரிய பலம். 2020 ஏப்ரல் முதல் குறுகிய காலப் பத்திரங்களும் சந்தை விலையிலேயே மதிப்பிடப்படுவதால், என்.ஏ.வி. இப்போது முன்பைவிடச் சற்று அதிகமாக ஏறி இறங்குவதைக் காணலாம். முன்கூட்டிய வரி செலுத்தும் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாத நடுப்பகுதிகளில் நிறுவனங்கள் பணத்தை எடுப்பதால் அந்நாட்களிலும் சிறு அசைவு தெரியும். அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை.

முதலைப் பற்றியே கவலைப்படுவோர் கவனிக்கத் தவறும் ரிஸ்க் மறுமுதலீட்டில் இருக்கிறது. 91 நாளுக்கு ஒருமுறை பில் முதிர்ந்து புதிய வட்டியில் மீண்டும் போடப்படுவதால், வட்டி குறைந்தால் வருமானமும் உடனே குறையும். 2019 தொடக்கத்தில் 6 சதவீதத்துக்கு மேல் இருந்த 91 நாள் பில்லின் யீல்டு, ரெப்போ விகிதம் 4 சதவீதத்துக்கு இறங்கிய 2020இன் பிற்பகுதியில் 3.5 சதவீதத்துக்கும் கீழே போனது. 10 லட்சத்துக்கு 6.4 சதவீதத்தில் மாதம் 5,300 ரூபாய் அளவில் பெற்றவர், 3.3 சதவீதத்தில் 2,750 ரூபாய்தான் பெற்றிருப்பார். முதல் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. வருமானம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அதே 2020-21 நிதியாண்டில் சில்லறைப் பணவீக்கம் சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் இருந்ததால், வாங்கும் சக்தியில் அந்தப் பணம் தேய்ந்தது. வீட்டுச் செலவு முழுவதையும் இத்தகைய ஃபண்டின் மீது ஏற்றிவைக்கும் பெரியவர்களைப் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு. அடுத்த ஓராண்டுச் செலவுக்கான பணத்துக்கு இது மிகப் பொருத்தமான இடம்; அடுத்த பதினைந்து ஆண்டு வருமானத்துக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், நீண்ட கால அரசுப் பத்திரம் போன்று வட்டியைப் பல ஆண்டுகளுக்குக் கட்டிவைக்கும் வழிகள் வேண்டும்.

படி 6: வரிக்குப் பின் என்ன மிஞ்சும் என்று பாருங்கள்

2023 ஏப்ரல் 1 அன்றும் அதன்பிறகும் வாங்கிய கடன் ஃபண்ட் யூனிட்டுகளில் கிடைக்கும் லாபம், எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் குறுகிய கால மூலதன ஆதாயமாகவே கருதப்பட்டு, உங்கள் வருமான வரி வரம்பின் விகிதத்தில் வரி விதிக்கப்படும். ஒரு லட்சத்துக்கு 5,400 ரூபாய் லாபம், 30 சதவீத வரம்பு, 4 சதவீத செஸ் என்றால் வரி சுமார் 1,685 ரூபாய். மிஞ்சுவது 3,715 ரூபாய். ஃபிக்சட் டெபாசிட்டுக்கும் விகிதம் இதேதான். வித்தியாசம், ஃபண்டில் யூனிட்டை விற்கும்வரை வரி இல்லை, விற்கும்போது டி.டி.எஸ். பிடித்தமும் உள்நாட்டில் வசிப்போருக்கு இல்லை, பங்குகளில் ஏற்பட்ட குறுகிய கால இழப்பை இந்த லாபத்துடன் ஈடுசெய்துகொள்ளலாம் என்பவற்றில் இருக்கிறது. ஐ.டி.சி.டபிள்யூ. பகிர்வு முழுவதும் வரிக்குரிய வருமானம்.

படி 7: வாங்கும் நேரத்தையும் எடுக்கும் நேரத்தையும் அறிந்துகொள்ளுங்கள்

கே.ஒய்.சி. முடிந்திருந்தால் ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்திலேயே டைரக்ட் பிளான், குரோத் விருப்பம் எனத் தேர்ந்தெடுத்து வாங்கலாம். லிக்விட் ஃபண்டில் பிற்பகல் 1.30 மணிக்குள் விண்ணப்பமும் பணமும் சென்று சேர்ந்தால் முந்தைய நாள் என்.ஏ.வி. கிடைக்கும். எடுக்கும்போது பிற்பகல் 3 மணி எல்லை. வெள்ளிக்கிழமை அதற்குள் விண்ணப்பித்தால், திங்கள் வேலைநாளாக இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை என்.ஏ.வி. கணக்கிடப்பட்டுத் திங்களன்று பணம் வரும்.

ஏழு நாட்களுக்குள் எடுத்தால் வெளியேறும் கட்டணம் உண்டு: முதல் நாளுக்கு 0.0070 சதவீதத்தில் தொடங்கி ஆறாம் நாளுக்கு 0.0045 சதவீதமாகக் குறைந்து, ஏழாம் நாள் முதல் இல்லாமல் போகும். வாங்கும்போது 0.005 சதவீத முத்திரைத் தீர்வையும் உண்டு. ஒரு லட்சத்துக்கு முதல் நாள் கட்டணம் 7 ரூபாய், தீர்வை 5 ரூபாய் என்பதை அந்த 15 ரூபாய் தினசரி ஈட்டத்துடன் வைத்துப் பார்த்தால், ஓரிரு நாட்களுக்கு லிக்விட் ஃபண்டில் பணம் போடுவதில் பொருளில்லை என்பது தெளிவாகும். அத்தகைய பணத்துக்கு இந்தப் படிநிலைக் கட்டணம் இல்லாத ஓவர்நைட் ஃபண்டோ சேமிப்புக் கணக்கோ போதும்.

அவசர நிதியாக வைத்திருப்போருக்காகச் சில ஃபண்டுகள் உடனடிப் பணம் எடுக்கும் வசதியைத் தருகின்றன. நாளொன்றுக்கு ஒரு திட்டத்தில் 50,000 ரூபாய் அல்லது மதிப்பில் 90 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதுவே எல்லை. நள்ளிரவு மருத்துவமனைச் செலவுக்கு இதையே முழுமையாக நம்பாமல், ஒரு மாதச் செலவையாவது வங்கிக் கணக்கில் வைத்திருங்கள். நியமனதாரரைப் பதிவுசெய்வதையும், குடும்பத்தில் இன்னொருவருக்கு இந்த முதலீட்டைப் பற்றித் தெரிவிப்பதையும் வாங்கும் அன்றே முடித்துவிடுங்கள்.

படி 8: ஃபண்ட் இல்லாமல் நேரடியாக வாங்குவதோடு ஒப்பிடுங்கள்

2021 நவம்பர் 12 அன்று தொடங்கப்பட்ட ஆர்.பி.ஐ. ரீட்டெயில் டைரக்ட் தளத்தில், கட்டணமின்றிக் கணக்குத் திறந்து, குறைந்தது 10,000 ரூபாய் முகமதிப்புக்குக் கருவூல பில்லை ஏலத்திலேயே வாங்கலாம். விலையை நீங்கள் குறிப்பிட வேண்டியதில்லை. ஏலத்தில் வெற்றிபெற்றவர்களின் சராசரி விலை உங்களுக்கும் பொருந்தும். செலவு விகிதம் இல்லை, இடையில் விலை இறங்கினாலும் முதிர்வு வரை வைத்திருப்பவருக்கு முதல் நாளே தெரிந்த தொகை நிச்சயமாகக் கிடைக்கும். மார்ச் மாதம் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணம் போலத் தேதியும் தொகையும் தெரிந்த தேவைக்கு, அந்தத் தேதிக்குச் சற்று முன் முதிரும் 182 நாள் அல்லது 364 நாள் பில்லை நேரடியாக வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். வட்டி இடையில் குறைந்தாலும் அந்தப் பணத்தின் ஈட்டம் குறையாது. இடையில் விற்க முடியும் என்றாலும், சிறு தொகைக்கு நல்ல விலையில் வாங்குவோர் உடனே கிடைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே எப்போது தேவைப்படும் என்று தெரியாத பணத்துக்கு ஃபண்டையும், தேதி தெரிந்த பணத்துக்கு நேரடி பில்லையும் வைத்துக்கொள்ளலாம். முதிர்வுப் பணம் இணைத்த வங்கிக் கணக்குக்கே வந்து சேர்ந்துவிடுவதால், தேவை தள்ளிப்போனால் அதை மறுபடி ஏலத்தில் போடுவதற்கான நினைவூட்டலை முதிர்வுத் தேதிக்கு முந்தைய வாரத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.